தலைவரின் பலகை

அருவிக்குப் போகும் சாலையை எழில் சாலையாகக் காக்கப் பேரூராட்சி தீர்மானம் போட்டது. மலைக்காட்சியை எதுவும் மறைக்கக் கூடாது என்பது விதி. தலைவர் மாசானமுத்துவுக்கோ அங்கே தன் படம் போட்ட பத்தடிப் பலகை வேண்டும்.

"வர்ற அத்தன பேர் கண்ணுலயும் படணும், மலை துளிகூட மறையக் கூடாது. நாளைக்கு சாலையப் பார்வையிட அதிகாரி வர்றதுக்குள்ள மாட்டலேன்னா உனக்கு வேலை கிடையாது" என்றார் சாலை பெருக்கும் மாடத்தியிடம்.

மாடத்தி சாலை முழுக்க நடந்து பார்த்தாள். சிரித்துக்கொண்டே சுத்தியலை எடுத்தாள்.

மறுநாள், தலைவரின் மைத்துனர் சாலையோரம் போட்டிருந்த தகரக் கொட்டகையின் முகப்பில் பலகை பளபளத்தது.

"இங்க ஏம்மா மாட்டுன?" என்றார் அதிகாரி.

"இங்கதான்யா மலை ஏற்கெனவே மறைஞ்சு கெடக்கு. பலகையால புதுசா எதுவும் மறையல."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அந்த வாரமே கொட்டகையைப் பிரித்தார்கள். பலகையும் அதோடு போனது. மாடத்தி முழு மலையையும் பார்த்தபடி பெருக்கினாள்.