எழுந்து நின்ற மண்டபம்

‘எழு, எழுப்பு!’ என்ற புத்தகத்தை எழுதிய தன்னம்பிக்கைப் பேச்சாளர் தணிகாசலம் விருதுநகரில் வந்து இறங்கினார். வணிகர் சங்க மண்டபத்தில் கூட்டம். அங்கே மைக்செட் வேலை வெயிலுமுத்துக்கு.

வந்ததும் அவனைக் கூப்பிட்டார். "நான் பேசி முடிக்கிறப்போ மொத்த மண்டபமும் எழுந்து நின்னு கை தட்டணும். அது உன் பொறுப்பு."

"கேக்குறவங்களுக்கில்ல தோணணும்? என்னால எப்படிங்கய்யா முடியும்?"

"முடியாதுங்கிறவனுக்கு மைக் எதுக்கு? ஒரு ஆள் உட்கார்ந்திருந்தாலும் சரி, தலைவர்கிட்டச் சொல்லி இன்னியோட உன்னை வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

வெயிலுமுத்து தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

பேச்சு தொடங்கியது. தணிகாசலம் சிங்கமாகக் கர்ஜித்தார், கழுகாகப் பறந்தார். சமையல்கட்டிலிருந்து சாம்பார் வாசம் வந்தது. அதற்கும் அவர் நிறுத்தவில்லை. முன்வரிசையில் சங்கத் தலைவரே குறட்டை விட்டார். "இறுதியாக ஒன்று" என்று மறுபடியும் தணிகாசலம் ஆரம்பித்தபோது வெயிலுமுத்து ஒரு பொத்தானை அழுத்தினான்.

நாட்டுப்பண் ஒலித்தது.

மண்டபமே எழுந்து நின்றது. தலைவர் தூக்கத்திலேயே எழுந்தார். தணிகாசலமும் வாயை மூடிக்கொண்டு விறைப்பாக நின்றார். நாட்டுப்பண் ஆகிவிட்டால் கூட்டம் முடிந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். பாட்டு ஓய்ந்ததும் ஜனம் கூரை அதிரக் கை தட்டிவிட்டுப் பந்திக்கு ஓடியது.

"என்னடா பண்ணினே?" என்று பாய்ந்தார் தணிகாசலம்.

"ஒரு ஆள்கூட உட்காரலையே ஐயா. நீங்களே நின்னீங்களே!"

பந்திக்குப் போன தலைவர் பாதியில் திரும்பி வந்தார். "அடுத்த மாசக் கூட்டத்துக்கும் இவரையே போட்டுடுங்கப்பா."

தணிகாசலம் முகம் மலர்ந்து கைகூப்பினார்.

"உங்களை இல்லீங்க" என்று சொல்லி, தலைவர் வெயிலுமுத்துவின் தோளில் கை போட்டார்.