நேர்க்கை, மடக்குக்கை

தணிகைவேல் உள்ளே வந்தபோது எப்சிபா மேடம் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"வாப்பா. ரிட்டையர் ஆயிட்டியா?"

"இன்னும் கொஞ்ச நாள் இருக்கு, மேடம்."

"அப்ப இன்னும் பெரிய டாக்டர்தான். உட்காரு."

கால்நடைத் துறையில் மாவட்டமே தணிகைவேல் சொல்லுக்குக் காத்திருக்கும். இந்த வீட்டுக்குள் நுழைந்தால் மட்டும் அவர் கல்லூரிப் பையன். தலை நரைத்து என்ன, அந்தக் குரலைக் கேட்டதும் பழைய ஆய்வுக்கூடமும் அதன் ஃபினாயில் வாசனையும் அப்படியே வந்து நின்றுவிட்டன. அந்த நாளெல்லாம் எங்கே போய்த் தொலைந்தது என்று அவருக்கு ஏக்கமாக இருந்தது.

"சும்மா வந்த மூஞ்சி இல்லையே இது."

"பண்ணையில பறவைக் காய்ச்சல், மேடம். நாளைக் காலையில கோழிங்களை அழிக்க ஆரம்பிக்கணும். கையுறை வந்துடுச்சு, மாஸ்க் வந்துடுச்சு. கண்ணை மூடுற கண்ணாடிதான் வரல. அதுக்குக் காத்திருந்தா வேலை தள்ளிப் போகும். மேலேருந்து ஃபோன் மேல ஃபோன்."

"அவங்க கேக்குறது இருக்கட்டும். உன்னை எது குடையுது?"

தணிகைவேல் கொஞ்சம் தயங்கினார்.

"பேச்சின்னு ஒரு அம்மா. கோழி பிடிக்கிற ஆளுங்களுக்கு அவங்கதான் மூத்தவங்க. 'எங்களுக்கு இது ஒட்டிக்காதுல்ல, சார்?'னு கேட்டாங்க. பதில் சொல்லாம வந்துட்டேன்."

"பறவை வைரஸ் பத்தி நான் நடத்தின பாடம் ஞாபகம் இருக்கா?"

நல்லா கேட்டார் போங்கள்! பெற்ற பிள்ளையின் பிறந்த நாள் மறந்தாலும் அது மறக்குமா?

தணிகைவேல் வலது கையை விறைப்பாக நீட்டினார். "செல்லுக்கு மேல கை மாதிரி ஒரு சீனி மூலக்கூறு இருக்கு. பறவைக்கு அது இப்படி நேரா நிக்கும். பறவை வைரஸ் இந்த நேர்க்கையைத்தான் பிடிக்கும்." முழங்கையை மடக்கினார். "மனுஷன் தொண்டையில இருக்கிறது பெரும்பாலும் மடக்குக்கை. வைரஸுக்குப் பிடி கிடைக்காது."

"அப்புறம்?"

"அவ்வளவுதானே, மேடம்?"

"அதுக்குள்ள மணி அடிச்சுது. நான் பேசப் பேச எந்திரிச்சு ஓடிட்டீங்க." மேடம் புறங்கையைத் தன் கண்ணுக்கு அருகே கொண்டுபோய், தொடாமல் நிறுத்தினார். "நுரையீரல் ஆழத்துல நமக்கும் நேர்க்கை உண்டு. இங்கேயும் உண்டு."

தணிகைவேலுக்குச் சுருக்கென்றது. எத்தனை சுற்றறிக்கை படித்திருக்கிறார்! கண்ணாடி போடு என்று இருக்கும். ஏன் என்று இருக்காது. அதனால்தானோ என்னவோ, கண்ணாடி எப்போதும் கடைசியாகவே வந்து சேரும்.

"அப்ப கண்ணைத் தொடவே கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிடறேன், மேடம். எல்லாம் பழகின ஆளுங்க. சொன்னா கேட்டுப்பாங்க. சொன்னா போதாதா?"

மேடம் முறத்தை அவர் பக்கம் தள்ளினார்.

"உரி. கண்ணைத் தொடக் கூடாது."

"இது ஒரு பெரிய விஷயமா, மேடம்?" என்று சிரித்த தணிகைவேல் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வெங்காயத்தில் கை வைத்தார்.

"உன் கூடப் படிச்ச ராபின்சன் எப்படி இருக்கான்?" என்று கேட்டார் மேடம்.

வெங்காயம் நழுவி முறத்தில் விழுந்தது.

"உங்களுக்குத் தெரியாதா, மேடம்? போன மழைக்காலத்துல போயிட்டான்."

"அடப்பாவமே."

"உங்க நேர்க்கை, மடக்குக்கையைக் கேண்டீன் வரைக்கும் கொண்டுபோனவன் அவன்தான். டீ போடுறவர்கிட்ட வாயைத் திறக்கவே மாட்டான். கையை நீட்டினா சர்க்கரை போட்ட டீ, மடக்கினா சர்க்கரை இல்லாத டீ. ஒரு நாள் நீங்க பின்னாலேயே வந்து நின்னீங்க. அவன் நீட்டின கையை நீட்டினபடியே வெச்சுக்கிட்டு 'வணக்கம் மேடம்'ங்கிறான்!"

"நானும் கையை நீட்டினேன். அவன் காசுலதான் டீ குடிச்சேன்."

தணிகைவேல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். வெங்காயக் காரமும் சேர்ந்து கண்ணில் தண்ணீர் கொட்டியது. சிரிப்பு எப்போது அடங்கியது என்று தெரியவில்லை.

"இப்பவும் வருஷா வருஷம் எல்லாரும் கூடுறோம், மேடம். வாசல்லயே அவன் கையை நீட்டிக்கிட்டு நிப்பான், நான் மடக்குவேன். இந்தத் தடவை நான் மடக்கின கையோட சும்மா நின்னேன். நெஞ்சே வெடிச்சிடும் போல இருந்துச்சு."

மேடம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் பழைய நாட்களுக்குள் போயிருக்க வேண்டும். தணிகைவேல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மீதி வெங்காயத்தை உரித்து முடித்தார். முறத்தைத் திருப்பித் தள்ளினார்.

"எத்தனை தடவை தொட்டே?" என்றார் மேடம்.

"எதை?"

"கண்ணை."

"தொடவே இல்லையே, மேடம். நீங்கதான் சொன்னீங்களே."

மேடம் அவர் நெற்றியைப் பார்த்தார். தணிகைவேல் கையை உயர்த்தித் தடவினார். அவருடைய மூக்குக்கண்ணாடி நெற்றி மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

மேடம் எழுந்து வந்தார். தணிகைவேலின் இமைக்குக் கீழே ஈரத்தில் ஒட்டியிருந்த வெங்காயத் தோலை விரலால் எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"பேச்சியும் 'தொடவே இல்லையே'ன்னுதான் சொல்லுவா, தணிகை."