மேடையை விட்டு இறங்கிய இரைச்சல்

நாகர்கோவில் பக்கத்து மெல்லிசைக் குழு ஒன்றுக்கு ஜெபமணி மாஸ்டர்தான் தலைவர், கிட்டாரும் அவரேதான். அவர் வாசிப்பில் தப்பே வராது. வந்தால், அது வேறு யாரோ செய்ததாகத்தான் இருக்கும். அன்று ஒரு விழாக் கச்சேரிக்கு முன் ஒலி சோதிக்கையில், கிட்டாரின் ஒலியை மாற்றும் பெடலை மிதித்ததும் ‘ஞொய்ங்’ என்று ஓயாத இரைச்சல். போன வாரம் அந்தப் பெடலுக்குள் வயர் பற்றவைத்தவள் குழுவின் ஒலிக்கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் பிளெஸ்ஸி. பழி அவள் தலையில் விழுந்தது.

“ஏட்டி, நீ பத்தவெச்ச லட்சணமா இது? அரைமணி நேரத்துல இரைச்சல் போகணும், இல்லேன்னா நீ போகணும். பெடல்ல இனி உன் கை படவும் கூடாது!”

தொடாமல் எப்படிப் பழுது பார்ப்பதாம்? பிளெஸ்ஸி வேறொன்றைக் கேட்டாள்.

“சரி மாஸ்டர். இரைச்சலுக்குக் காரணம் யாருன்னு கண்டுபிடிச்சா?”

“எவனா இருந்தாலும் மேடையை விட்டு இறக்கு!” மாஸ்டர் மைக்கிலேயே முழங்கினார்.

பிளெஸ்ஸி மேடையின் பிளக்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். மின்விசிறி நின்றது, இரைச்சல் நிற்கவில்லை. கலர் விளக்கு அணைந்தது, அப்போதும் நிற்கவில்லை. கடைசியாக, மாஸ்டரின் பெயர் ஆளுயரத்துக்கு மின்னிய எல்.இ.டி. போர்டைப் பிடுங்கினாள். நிசப்தம். திரும்பச் சொருகினாள். ‘ஞொய்ங்!’

“பெடல் சுத்தமா இருக்கு மாஸ்டர். உங்க போர்டுதான் இரையுது. இறக்கட்டுமா?”

“வேற பிளக்குல மாட்டு!”

“மேடைக்கே ஒரே கரண்ட் லைன்தான் மாஸ்டர், எதுல மாட்டினாலும் இரையும்.”

மாஸ்டர் வாய் திறப்பதற்குள், மைக்கில் உத்தரவைக் கேட்டிருந்த விழாக் கமிட்டிக்காரர்கள் இருவர் போர்டைத் தூக்கிவிட்டார்கள்.

“மெதுவாப்பா,” என்றார் டிரம்ஸ்காரர், “மாஸ்டர் கீழ விழுந்திரப் போறாரு.”