அடுத்த மாடல் வராத கம்ப்யூட்டர்

வெண்கரை என்றொரு குட்டி ராஜ்யம். அரண்மனை உண்டு, யானை உண்டு, கம்ப்யூட்டரும் உண்டு. ராஜா இளஞ்சேந்தனுக்கு யோசனை சொல்லும் மந்திரி மருதப்பர். தன்னைப் பெரிய சாமர்த்தியசாலி என்று அவரே நம்பிக்கொண்டிருந்தார்.

அரண்மனைக் கம்ப்யூட்டர் பழசாகி நான்கு வருஷம். மாற்றலாமா என்று ராஜா கேட்கும்போதெல்லாம் தடுத்தவர் மருதப்பர்தான். தையில் புது மாடல் வருகிறது, பொறுப்போம் என்பார். தை வந்தால், முதலில் வருவதில் கோளாறு இருக்கும், திருத்தி விடட்டும் என்பார். திருத்தியது வருவதற்குள் அதற்கடுத்ததைப் பற்றிச் சேதி வந்துவிடும். அவை தலையாட்டும். மருதப்பர் மீசையை நீவிக்கொள்வார்.

அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் குறைவு. எந்த ஊருக்கு என்றைக்கு வாய்க்காலைத் திறப்பது என்ற முறைப் பட்டியலை அந்தக் கம்ப்யூட்டர்தான் போட வேண்டும். அது ஐந்து நாள் உறுமிவிட்டு அணைந்துபோனது. கடைமடை ஊரிலிருந்து பேச்சியம்மாள் என்ற விவசாயி நேரே அவைக்கு வந்துவிட்டாள். பழுத்துப்போன நாற்றை மருதப்பர் முன்னால் வைத்தாள்.

“உங்க பெட்டி யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள எங்க நாத்து காஞ்சிடுது, சாமி.”

மருதப்பருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. இன்றே புதுசு வாங்கிவிடலாம் என்றார். ராஜாவுக்கோ அவர் ஊட்டிய பயம் ஊறிப்போயிருந்தது.

“வாங்கும். ஆனால் நாம் வாங்கிய பிறகு அந்தக் கம்பெனி அதைவிட நல்லதாக இன்னொன்று விடக்கூடாது. விட்டால் உமக்குப் பதவி இல்லை. நாளைக் காலைக்குள் கொண்டுவாரும்.”

மருதப்பர் கடைத்தெரு முழுக்க அலைந்தார். நான்கு வருஷமாக அவர் கேட்டுக் கேட்டு, அவர் தலையைப் பார்த்ததுமே கடைக்காரர்கள், புதுசு மூன்று மாதத்தில் வருகிறது என்று தாங்களாகவே சொன்னார்கள். ஒரே ஒருவர் மட்டும் மூலையில் தூசி படிந்து கிடந்த பெட்டியைக் காட்டி, இதற்கு மட்டும் புதுசு வராது என்றார். காரணத்தையும் சொன்னார்.

மறுநாள் அவையில் அதை முடுக்கினார்கள். ராஜா வெற்றிலை போட்டு முடித்த பிறகுதான் திரையில் வெளிச்சமே வந்தது.

“இது பழசைவிட மோசமாக இருக்கிறதே?”

“மோசம்தான் மகாராஜா. ஆனால் தாங்கள் கேட்டது இதுதான். இதற்கு அடுத்த மாடல் வரவே வராது. கம்பெனியையே மூடிவிட்டார்கள்.”

மருதப்பர் கைகட்டியபடி தொடர்ந்தார்.

“உயிரோடு இருக்கிற கம்பெனி நாளைக்கு இதைவிட நல்லதைச் செய்யத்தான் செய்யும். நமக்கு வேண்டியது ஒரு பட்டியல். அதற்கு இன்று கடையில் இருப்பதே போதும். கடைமடை காய்ந்ததற்கு இந்த மடையன்தான் காரணம்.”

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். மதியத்துக்குள் நல்ல கம்ப்யூட்டர் ஒன்று வந்தது. சாயங்காலம் பட்டியல் தயார். மூன்றாம் நாள் பேச்சியம்மாளின் வயலில் தண்ணீர் பாய்ந்தது.

அன்று ராஜா குறும்பாக ஓர் அறிவிப்புச் செய்தார். மந்திரியின் சாதுர்யத்துக்கு அந்த மூடிய கம்பெனிப் பெட்டிதான் பரிசு, இனி அவர் வேலையெல்லாம் அதில்தான் நடக்க வேண்டும் என்றார். அவை வாயைப் பொத்திக்கொண்டது.

மருதப்பர் பணிவாகக் கும்பிட்டார்.

“பெரும் பாக்கியம் மகாராஜா. ஆனால் அவசரம் என்ன? இதன் அடுத்த மாடல் வரட்டும், அதையே வாங்கிக்கொள்கிறேன்.”