செவலைக்கு வைத்த சோதனை

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டில் ஒரு ராஜா இருந்தார். பேரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், அதனால் சொல்லவில்லை. ராஜா நல்லவர்தான். காலையில் எழுந்ததும் ஏதாவது ஒன்று தோன்றும், அதுதான் வம்பு.

ஒருநாள் சபையில் கேட்டார்: "மந்தை நாய்க்கு ஆட்டை வளைக்கும் புத்தி பிறவியிலேயே வருகிறதா, பழக்கத்தில் வருகிறதா?"

ராஜாவைச் சிரிக்க வைப்பதே உத்தியோகமான சடையாண்டி சும்மா இருந்திருக்கலாம். "பிறவிக் குணம்தான் மன்னா! அடியேனின் நாய் செவலை, மந்தை நாய்க்குப் பிறந்தது. இதுவரை ஆட்டையே பார்த்ததில்லை. ஆனாலும் வளைக்கும்" என்று வாயைக் கொடுத்தான்.

சடையாண்டியைக் கண்டாலே ஆகாத அமைச்சர் வித்தகராயருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. சித்திரை வெயிலிலும் கம்பளிச் சால்வையைக் கழற்றாத பெரிய மனிதர் அவர். "பிறவிக் குணத்துக்கு ஆடு எதற்கு மன்னா? ஆடில்லாமலே காட்டட்டும். நாளை நந்தவனத்துக்குள் ஓர் ஆடும் வரக்கூடாது. தோற்றால் நாய் காட்டுக்கு, இவன் எல்லைக்கு அப்பால்!"

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

 சடையாண்டி எந்த ஊரிலும் பிழைத்துக்கொள்வான். பாலில் துணியை நனைத்துப் புகட்டி வளர்த்த செவலை, காட்டில் ஒரு ராத்திரி தாங்குமா?

மறுநாள் நந்தவனத்தில் அவன் கேட்டது ஒன்றுதான். "சபையோர் அவரவர் இஷ்டப்படி நிழல் பார்த்து உட்காரட்டும்."

தளபதி மாமரத்தடியில், பண்டிதர் குளக்கரையில், அமைச்சர் பந்தலடியில். ராஜா தனியாகக் குடைநிழலில். சடையாண்டி கயிற்றை அவிழ்த்தான்.

செவலை சுற்றிப் பார்த்தது. இங்கே ஒன்று, அங்கே ஒன்று. அதற்கு மனசு பொறுக்கவில்லை! குரைக்கவில்லை, கடிக்கவில்லை. பதுங்கிப் போய்த் தளபதியின் கெண்டைக்காலில் மூக்கை வைத்தது. புலியைக் கொன்றதாகச் சொல்லிக்கொள்ளும் தளபதி வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பண்டிதர் பின்னாலேயே ஓடினார். அமைச்சரை இரண்டு சுற்று வளைக்க வேண்டியிருந்தது. கடைசியில் எல்லாரும் ஒரே வேப்பமரத்தடியில் இடித்துக்கொண்டு நின்றார்கள்.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். செவலை திரும்பிப் பார்த்தது. இன்னும் ஒன்று பாக்கி.

நேரே போய் அரச முழங்காலை மூக்கால் தள்ளியது. ராஜா எழுந்தார், நடந்தார், கூட்டத்தில் போய் நின்றார்.

"ராஜத்துரோகம்!" என்று கத்தினார் அமைச்சர்.

"எது துரோகம், ஐயா? அது கடித்து இழுத்ததா? மன்னர் தாமாகத்தானே நடந்து வந்தார்!" என்றான் சடையாண்டி. "அதற்கு ஆள் தெரியாது, மந்தைதான் தெரியும்."

"அப்படியானால் உன்னை மட்டும் ஏன் விட்டது?"

"மந்தைக்கு மேய்க்க ஒருவன் வேண்டாமா?"

 ராஜாவுக்குத்தான் முதலில் சிரிப்பு பீறிட்டது. "மேய்ப்பவனுக்குத்தானே கம்பளி! அமைச்சரே, கழற்றும் அந்தச் சால்வையை!"

சால்வை சடையாண்டியின் கைக்கு வந்தது. அவன் அதைச் செவலைக்கு விரித்தான்.

மறுநாள் சபை வாசலில் செவலை அதன்மேல் படுத்திருந்தது. உள்ளே வந்தவர்கள் யாரும் சொல்லாமலே ஒட்டி ஒட்டி உட்கார்ந்தார்கள். சிம்மாசனமும் கொஞ்சம் நெருக்கமாகத்தான் போடப்பட்டிருந்தது.