ஈசலின் தைக்காத சிறகு

அந்தக் காலத்தில் பூச்சிகளுக்கும் பேச வாய் இருந்தது. வாய் இருந்ததால் பேரமும் இருந்தது.

கண்மாய்க் கரையில் ஒரு கறையான் புற்று. அதை ஆண்டவள் செல்லாத்தா. கறையான்களுக்கு அப்போது சிறகு கிடையாது. ஒவ்வோர் ஐப்பசியிலும் கண்மாய் பெருகும், புற்றுக்குள் தண்ணீர் ஏறும், பிள்ளைகளில் பாதி மிதக்கும். இந்த வருஷம் ஒன்றையும் விடுவதில்லை என்று செல்லாத்தா முடிவு செய்தாள். பறந்தால்தான் பிழைக்கும். சிறகு நெய்யத் தெரிந்தவளோ ஆவாரஞ்செடியில் இருந்த சிலந்தி நூலம்மா ஒருத்திதான்.

புரட்டாசி வெயிலில் செல்லாத்தா அங்கே போனாள். அவளுக்குக் கண் தெரியாது, தடவித்தான் பார்ப்பாள். நூலம்மா நெய்து அடுக்கியிருந்த சிறகு வெங்காயத் தோல்போல மெலிசாக வழுக்கியது. மனசு அங்கேயே மயங்கிவிட்டது. வெளியே காட்டுவாளா? ஒரு காற்றுக்குத் தாங்காது போலிருக்கிறதே என்றாள்.

நூலம்மா அசரவில்லை. நெசவு முடிந்தது, தோளில் வைத்துத் தைப்பதுதான் பாக்கி, அதற்குக் காய்ந்த நாள் வேண்டும், ஈரத்தில் நூல் நிற்காது என்றாள். கூலியாக, மழைக்காலத்தில் தன் முட்டைப் பையோடு ஒதுங்கப் பாதிப் புற்றைக் கேட்டாள்.

"பாதியா? ஒட்டடையில குடியிருக்கிறவளுக்கு அரண்மனை கேக்குதோ? வாசல்ல ஒரு மூலை தர்றேன்."

"மூலையில நீயே இரு, தாயி. கால் புற்று. அதுக்குக் கீழ இல்ல."

செல்லாத்தா திரும்பி நடந்தாள். சந்தையில் நின்றவர்களுக்கு இந்த நடை தெரியும். கால் முன்னே போகும், காது பின்னாலேயே இருக்கும். எப்படியும் கூப்பிடுவாள் என்று இவள் நடந்தாள். எப்படியும் திரும்புவாள் என்று அவள் வாயைத் திறக்கவில்லை. கால் புற்றைக் கொடுத்திருந்தால் செல்லாத்தா ஒன்றும் குறைந்துபோயிருக்க மாட்டாள். மூலையே கிடைத்திருந்தாலும் நூலம்மாவின் முட்டைப் பை நனைந்திருக்காது. ரெண்டு பேருக்கும் அது தெரியும். தெரிந்தேதான் வீம்பாக இருந்தார்கள். நல்ல தையல் வெயிலெல்லாம் வீணாய்க் காய்ந்து போயிற்று.

ஐப்பசி பிறந்ததும் அடைமழை. ஆவாரஞ்செடியில் வலை அறுந்தது. கண்மாய் தளும்பி, புற்றின் அடி அறைகளில் தண்ணீர் நுழைந்தது. செல்லாத்தா பிள்ளைகளை மேலே ஏற்றிக்கொண்டிருந்தபோது நூலம்மா வந்து நின்றாள். வயிற்றோடு முட்டைப் பை, முதுகில் சிறகு மூட்டை, உடம்பெல்லாம் சொட்டச் சொட்ட ஈரம்.

"முழுப் புற்றையும் எடுத்துக்க," என்றாள் செல்லாத்தா.

"முங்கப்போற வீட்டை வச்சு நான் என்ன பண்ண? பிள்ளைகளை வரிசையா நிக்கச் சொல்லு."

தைக்க வழியில்லை. எச்சிலைத் தொட்டு ஒட்டினாள். ஒரு தடவை பறக்கத் தாங்கும், தரையைத் தொட்டால் உதிர்ந்துவிடும் என்றாள். ஒரு தடவைக்கா இவ்வளவு என்று கேட்கச் செல்லாத்தாவுக்குப் பழக்கதோஷத்தில் வாய் வந்தது. மூடிக்கொண்டாள்.

மழை விட்ட சாயங்காலம் பிள்ளைகள் புகைபோல எழும்பின. பெருத்த உடம்புக்காரி செல்லாத்தாவுக்குச் சிறகு இல்லை. புற்றின் உச்சியில் நனையாமல் மிஞ்சியது ஒரே ஒரு மூலை. அதில் இருவரும் ஒட்டி உட்கார்ந்தார்கள்.

"எல்லாம் போயிருச்சா?"

"போயிருச்சு. மேட்டுல போய் விழுதுக. சிறகு உதிருது, எந்திரிச்சு சோடி சோடியா நடக்குதுக."

"தைச்சிருந்தா?"

நூலம்மா முட்டைப் பையை இழுத்து அணைத்துக்கொண்டாள். "நாளைக்கும் பறந்திருக்கும்."

அந்த ஐப்பசியிலிருந்துதான் ஈசலுக்கு ஒரு சாயங்காலத்துச் சிறகு. விளக்கைச் சுற்றிப் பறந்து, விடிந்தால் வாசலெல்லாம் உதிர்ந்து கிடக்கும். பிடித்து அரிசியோடு வறுக்கிறவர்கள் முறத்தில் போட்டு ஒரு புடை புடைத்தால் சிறகு தானாகப் பறந்துவிடும். ஒன்றை எடுத்துத் தடவிப் பாருங்கள், தையல் இருக்காது.