மூன்று தொட்டி வெண்டை

“நான் ஒண்ணுமே சொல்லல மேடம். தலையை மட்டும்தான் ஆட்டினேன்.”

வந்ததும் வராததுமாகச் சின்னக்காளை இதைத்தான் சொன்னார்.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. ஒட்டன்சத்திரம் பக்கம் இரண்டு ஏக்கரில் வெண்டை போட்டிருக்கிறார். அவருடைய குரு அமுதவல்லிக்கு முப்பத்து நான்கு. காய்கறி ஆராய்ச்சி நிலையத்தில் செடிகளுக்கு வரும் வைரஸ் நோய்களைப் பார்க்கிறவர். மூன்று வருடமாக வியாழக்கிழமை தவறாமல், நோய் கண்ட இலையைப் பாலித்தீன் பையில் போட்டுக்கொண்டு அவரிடம் பாடம் கேட்க வருவார் சின்னக்காளை. ஊரில் அவருக்கு ‘இலை டாக்டர்’ என்று பட்டப்பெயர். வெளியே சலித்துக்கொள்வார். உள்ளுக்குள் அது அவருக்குப் பிடிக்கும்.

அன்று அவர் கையில் இலை இல்லை.

“எதுக்குத் தலையாட்டினீங்க?”

“டீக்கடையில துரை ஒரு பேச்சைப் போட்டான் மேடம். ஊரு வெண்டை பூரா மஞ்சளாப் போனதுக்குப் பூவராகன் கொண்டு வந்த விதைதான் காரணம்னு.”

“பூவராகன் யாரு?”

“கடலூர்ப் பக்கத்து ஆளு. இந்தத் தையில மூணு ஏக்கர் குத்தகைக்குப் பிடிச்சாரு. அவங்க ஊரு எட்டுப்பட்டை வெண்டை போட்டிருக்காரு. அவர் காடு மட்டும் பச்சையா நிக்குது. அதான் எல்லாருக்கும் உறுத்துது.”

“துரை சொன்னதை ஊர் நம்பிடுச்சா?”

“அவன் பேச்சை யாரு நம்புவா? எல்லாரும் என் மூஞ்சியைப் பார்த்தாங்க.”

“நீங்க தலையாட்டினீங்க.”

“டீ குடிச்சிட்டு இருந்தேன். இருந்தாலும் இருக்கும்னு சும்மா ஆட்டினேன் மேடம்.”

மறுநாளே பூவராகன் காட்டுக்குக் காய் பறிக்க ஆள் வரவில்லை. காய் ஏற்றும் வண்டி அவர் வரப்போரம் நிற்கவில்லை. வெண்டையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தாக வேண்டும். பத்து நாளில் எல்லாம் செடியிலேயே நாராகிவிட்டது. அவரும் மனைவியும் சட்டி பானையை மூட்டை கட்டிவிட்டார்கள். நாளைக் காலை பஸ்ஸுக்குக் கிளம்புகிறார்கள்.

“பாவம், எனக்கு மனசு கேக்கல. ஆனா கிளப்பிவிட்டது துரை. நான் என்ன செஞ்சேன்? நீங்களே சொல்லுங்க.”

திட்டு விழும் என்று பயந்துகொண்டுதான் வந்திருந்தார். அமுதவல்லி திட்டவில்லை. குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். அவர் குடித்து முடித்ததும் பின்பக்கம் வலை கட்டிய கொட்டகைக்குக் கூட்டிப் போனார்.

அங்கே மூன்று தொட்டிகளில் மூன்று வெண்டைச் செடிகள்.

முதல் செடியில் நுனி இலைகள் லேசாகச் சுருண்டிருந்தன. மற்றபடி பூவும் பிஞ்சுமாக நின்றது.

“இதுக்குள்ள வைரஸை மட்டும் செலுத்தினோம்.”

“இவ்வளவுதானா? மஞ்சளையே காணோமே.”

“செடி சமாளிச்சிருச்சு.”

இரண்டாவது செடி பளிச்சென்று பச்சையாக இருந்தது.

“இதுல சாட்டிலைட்னு ஒண்ணு மட்டும். டிஎன்ஏ துணுக்கு. வைரஸ்ல பாதி அளவுதான். தானாப் பெருகத் தெரியாது. சொந்தமா ஒரு சட்டைகூடக் கிடையாது. வைரஸோட சட்டைக்குள்ள புகுந்துதான் வெள்ளை ஈயில ஏறிச் செடிக்குச் செடி போகும்.”

சின்னக்காளை குனிந்து இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் தெளிந்தது.

“அப்பாவி மேடம் இது. ஒண்ணுமே செய்யலையே.”

“ஆமா. ஒண்ணும் செய்யல.”

மூன்றாவது செடியில் நரம்பெல்லாம் மஞ்சள். காய்கள் வெளிறி, விரல் கணு அளவிலேயே நின்றுவிட்டன. சின்னக்காளையின் காட்டில் நிற்பதும் இதே செடிதான்.

“இதுல?”

“ரெண்டும் சேர்ந்து.”

“அந்தத் துணுக்கு கூட வந்து என்ன பண்ணுச்சு?”

“செடி தன்னைக் காப்பாத்திக்க ஒரு காவல் வச்சிருக்குங்கய்யா. வைரஸ் தனியா வந்தா அது மடக்கிடும். இது வந்து அந்தக் காவலை ஓய வச்சிடுது.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

சின்னக்காளை தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“எல்லாரும் என் மூஞ்சியைப் பார்த்தாங்க மேடம்,” என்றார். கண் கலங்கிவிட்டது.

அமுதவல்லியும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நானும் ஒரு தடவை அப்படி ஆட்டியிருக்கேங்கய்யா.”

சின்னக்காளை துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“நிசமாவே அந்த ஆளு விதையில வந்ததா?”

“போன ஆடியில நீங்க கொண்டு வந்த இலையை எடுத்து வச்சிருக்கேன். இதே நோய்தான். பூவராகன் எப்ப வந்தாரு?”

“தையில.”

சின்னக்காளை மூன்றாவது தொட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இதுக்கு மருந்து உண்டா?”

“செடிக்கு இல்ல.”

மறுநாள் காலை டீக்கடை நிரம்பியிருந்தது. எதிரே பஸ் ஸ்டாப்பில் பூவராகனும் அவர் மனைவியும் மூட்டைகளோடு நின்றார்கள். ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

சின்னக்காளை கடையைத் தாண்டி நேராக அவர்களிடம் போனார். கும்பிட்டார். பூவராகன் பதிலுக்குக் கும்பிடவில்லை.

“காயெல்லாம் செடியிலயே முத்திக் கிடக்குல்ல?”

“கெடக்கு. போயி நல்லா பாத்துட்டு வாங்க,” என்றார் பூவராகன்.

கடையில் இருந்த எல்லோரும் சின்னக்காளையின் முகத்தைப் பார்த்தார்கள்.

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து, இரண்டு கையிலும் விரித்து நீட்டினார்.

“இன்னும் இருபது நாள்ல காஞ்சு நெத்தாயிடும்,” என்றார், கடை வரைக்கும் கேட்கும்படி. “என் ரெண்டு ஏக்கருக்கும் அந்த விதைதான் வேணும். இருந்து எடுத்துக் குடுங்கய்யா.”